நாற்காலி அக்கா

மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். மணி பதினொன்றே கால். எட்டு நாளாக இதே இடம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கையில் டோக்கனும் இல்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவர் தன் முழங்கால் வலியில் தொடங்கி, அந்த வலி முதன்முதலில் வந்த மாடிப்படிக்குப் போய், இப்போது அந்த மாடிப்படியைக் கட்டிய கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்க அவர் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம் என்னாச்சு?" என்று அக்கா ஒரு தள்ளு தள்ளிவிடுகிறார். பெரியவர் மறுபடி கிளம்பிவிடுகிறார்.

"யாருக்குங்க பாக்கணும்?" என்று முதல் நாளே வரவேற்பு மேசை அம்மா கேட்டார்.

"யாருக்கும் இல்லைங்க. சும்மா உக்காந்து பாத்துட்டுப் போலாம்னு."

ஆஸ்பத்திரிக்குச் சும்மா வந்து உட்காருகிறவரை எந்த வரவேற்பு மேசைதான் நம்பும்? வாசல் காவலருக்குக் கண்ணைக் காட்டினார். காவலர் இரண்டு முறை அருகில் வந்து நின்று செருமினார். அக்கா அவரையும் விடவில்லை: "எத்தனை மணிக்குங்க இங்க கூட்டம் ஜாஸ்தி?" மேல்மாடி நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்கியிருந்தார், அதைக் கீழே சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்வார்களாம், அதைப் பார்த்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி. நாலாம் நாள் வரவேற்பு அம்மா, "ஒரு வாய் காபி குடிச்சிட்டு ஓடி வந்துடறேன், யாராவது கேட்டா இருக்கச் சொல்லுங்க" என்று மேசையையே அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அக்காவின் உத்தியோகம் ப்ராடக்ட் மேனேஜர். கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு ஆப் செய்கிறது. வீட்டில் இருந்தபடியே டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யலாம். முறை நெருங்கும்போது போனுக்கு மெசேஜ் வரும். அதற்கான நிரலை எழுதுவது பொறியாளர்கள். திரையில் எந்தப் பட்டன் எந்த நிறத்தில் என்று பார்த்துக்கொள்ள ஒரு வடிவமைப்பாளர் இருக்கிறார். கொண்டுபோய் விற்க விற்பனைக்காரர் இருக்கிறார். இத்தனை பேர் எதைச் செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தலைகீழாக நின்றாலும் செய்யக் கூடாது என்று தீர்மானிப்பது அக்கா. இதை வீட்டில் விளக்கிச் சொல்லிப் பதினாறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார். மாமியார் அக்கம்பக்கத்தில் "எங்க மருமகதான் அங்க எல்லாத்துக்கும் நடுவுல" என்று சொல்லி முடித்துக்கொள்வார். எலக்ட்ரீஷியன் தம்பி அப்படி விடமாட்டான். "ஒரு ஸ்குரூ டிரைவர்கூட இல்லாம வேலை பாக்கற ஒரே ஆள் நீதான்க்கா. கேள்வி மட்டும் கேட்டுட்டு சம்பளம் வாங்கற. குடுத்து வச்சவ."

தம்பி சொன்னதில் பாதி உண்மை. அக்காவிடம் ஆயுதம் என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய சக்கர நாற்காலிதான். அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுப்பதுதான், ஆனால் அக்காவுடையதில் ஒரு சக்கரம் கிரீச்சிடும். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எழுந்து போகமாட்டார், மீட்டிங் போடமாட்டார். உட்கார்ந்தபடியே காலால் உந்தி, அந்த ஆளின் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். கிரீச் சத்தம் கேட்டதும் பொறியாளர்கள் பக்கம் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று முணுமுணுப்பு எழும். சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறேன் என்று பராமரிப்பு ஆள் மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டார். "வேண்டாங்க. சத்தமில்லாம போய் நின்னா பாவம், பயந்துடுவாங்க." நாற்காலி அக்கா என்ற பெயர் அப்படி வந்தது. அவருக்கும் தெரியும், கோபமில்லை.

அவர் மறுத்துச் சொல்லும் அழகை ஒரு நாள் பார்த்தால் போதும். விற்பனைக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறார்.

"அக்கா, ஆப்ல வானிலை காட்டணுமாம். உடனே வேணுமாம். சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்காம் வானிலை?"

"மழை பெஞ்சா நோயாளிங்க வர்றதில்லையாம். டாக்டர் சும்மா உக்காந்திருக்காராம்."

"மழைன்னு நாம சொன்னா மட்டும் வந்துடுவாங்களா?"

விற்பனைக்காரர் யோசிக்கிறார். பாவம், அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "வரமாட்டாங்கதான்."

"அப்ப, இன்னிக்கு வரலைன்னு காலையிலயே சொல்றதுக்கு ஒரு பட்டன் வச்சா? அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடலாம்ல?"

விற்பனைக்காரர் முகம் மலர்ந்து திரும்பிப் போகிறார். தான் கேட்டது கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பது அவருக்கு லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைக்கும். அதற்குள் பட்டனுக்கான வேலை ஆரம்பித்திருக்கும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வருவார், எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். எதையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கேட்பது மட்டும் அவருக்கு ஒரு வியாதி. ஒவ்வொரு குழுவும் தான் என்ன செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். பொறியாளர்கள் அரை மணியில் எழுதினார்கள். விற்பனைக்காரர் மூன்று பக்கம் எழுதி, சுருக்கச் சொல்லித் திட்டு வாங்கினார். அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வானிலை வராமல் போனது நான் செய்த வேலை என்று எப்படி எழுதுவது?

இயக்குநர் கூப்பிட்டு நேராகவே கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நிரல் எழுதறவங்க நின்னா கம்பெனி நின்னுடும். விக்கறவங்க நின்னா நின்னுடும். நீங்க இல்லாட்டி எது நிக்கும்?"

சாமர்த்தியமான ஆளாக இருந்தால் அந்த இடத்தில் நாலு வார்த்தை அளந்துவிட்டிருப்பார். அக்கா கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்துவிட்டு, "உடனே எதுவும் நிக்காது சார்" என்றார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்பவும் எனக்குப் புரியலைன்னா உங்க டீமைக் கலைச்சுட்டு உங்களை சேல்ஸ்ல போட்டுடலாம்னு இருக்கேன்."

டீம் என்றால் அக்காவும் இன்னொரு பெண்ணும்தான். விற்பனை என்றால் கேட்டதற்கெல்லாம் சரி சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்க முடியாது. அன்று சாயங்காலம் கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஏற்கெனவே சுத்தமாதானே இருக்கு?" என்று கணவர் கேட்டதும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றார். பதினாறு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கணவர் துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதே வாரம் இன்னொரு இடியும் விழுந்தது. கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கையாளர், பதினொரு கிளைகள் உள்ள இந்த ஆஸ்பத்திரி, மாத முடிவோடு ஆப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னது. காரணம்: முறை வந்தால் மெசேஜ் வருவதில்லை. திரையில் எண் வந்தும் ஆள் எழுந்து வருவதில்லை, டாக்டர்கள் காத்துக் கிடக்கிறார்கள், கூடத்தில் ஒரே சண்டை.

தலைமைப் பொறியாளர் கொதித்துப் போனார். நாலு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மெசேஜாகப் பார்த்தவர் அவர். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு போய்ச் சேந்திருக்கு! சேந்ததுக்கு ஆதாரம் இருக்கு! வரலைன்னா என்ன அர்த்தம்?" ஒரு மெசேஜுக்குப் பதில் மூன்று அனுப்பலாம், கூடவே அலாரம் அடிக்க வைக்கலாம் என்று இயக்குநர் சொன்னார். பொறியாளர்கள் சட்டையின் கையை மடித்துக்கொண்டு தயாரானார்கள்.

கிரீச் என்று சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரியில யாராவது உக்காந்து பாத்தீங்களா?" என்றார் அக்கா. யாரும் பார்க்கவில்லை. "அலாரத்தைப் பத்து நாள் தள்ளிப்போடுங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்." இருப்பதே மூன்று வாரம், அதில் பத்து நாளை நாற்காலியில் உட்காரச் செலவு செய்யப் போகிறேன் என்கிற ஆளை இயக்குநர் ஏற இறங்கப் பார்த்தார். சரி என்றார். எப்படியும் மாதக் கடைசியில் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கலாம்.

அப்படி வந்து உட்கார்ந்ததில் ஏழு நாள் ஒன்றும் பிடிபடவில்லை. எட்டாம் நாள், அதாவது முழங்கால் பெரியவர் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்த இந்தக் காலையில்தான், திரையில் நாற்பத்து மூன்று என்று எண் வந்தது. யாரும் எழவில்லை. வரவேற்பு அம்மா குரல் கொடுத்தார். கூடத்தின் இரைச்சலில் அது பாதி வழியிலேயே கரைந்தது. இரண்டு நிமிஷத்தில் மேசைத் தொலைபேசி அலறியது. எடுத்துக் கேட்ட வரவேற்பு அம்மா தலையில் அடித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, பெரியவர் முன்னால் நின்றார். "ஐயா, உங்க பையன் போன்ல கத்தறார். உள்ள போங்க!"

பெரியவர் பதறி எழுந்தார். அக்கா அவரை இரண்டே கேள்விக்குப் பிடித்து நிறுத்தினார்.

"உங்க போனுக்கு மெசேஜ் வரலீங்களா?"

"என் நம்பரை எங்கம்மா குடுத்தேன்? பதிவு பண்ணது பையன். அவன் நம்பர்தான்."

"பையன் எங்க இருக்காரு?"

"அவன் ரெண்டு நாள் ரயில் தூரத்துல இருக்கான்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். காவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு இரண்டு நாள், வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அந்த இரண்டே கேள்விதான். ஐம்பது பேரில் முப்பத்தொரு பேரின் மெசேஜ் வேறு ஊரிலோ வேறு தெருவிலோ உள்ள மகன், மகள், மருமகள் பாக்கெட்டில் போய்ப் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. பிஸ்கட் உறையின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே வந்து எண்ணிய கணக்கு இது.

இதை அப்படியே போய்ப் போட்டு உடைத்திருந்தால் தலைமைப் பொறியாளர் முகம் தொங்கிப்போயிருக்கும். அக்கா அப்படிச் செய்யவில்லை. பெரிய மீட்டிங் அறையில் எல்லாரும் கூடியிருந்தபோது, கண்டதைச் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இயக்குநரே எடுத்துக் கொடுத்தார். தன் போனை உயர்த்திக் காட்டி, "வரலை வரலைங்கறாங்க. இதோ பாருங்க, எனக்கே மூணு தடவை வந்திருக்கு. டாண்ணு வந்துச்சு" என்றார்.

"எனக்கும் வந்துச்சு சார்" என்றார் தலைமைப் பொறியாளர். "எனக்கும்" என்றார் வடிவமைப்பாளர்.

"அப்படியா? வேற யாருக்கெல்லாம் வந்துச்சு? கொஞ்சம் கையைத் தூக்குங்களேன்" என்றார் அக்கா.

மளமளவென்று பத்தொன்பது கைகள் எழுந்தன. நகரத்தில் எந்தப் பக்கம் போனாலும் அந்த ஆஸ்பத்திரியின் கிளை ஒன்று இருக்கும். எல்லாருமே ஒரு முறையாவது பதிவு செய்திருந்தார்கள். தலைமைப் பொறியாளர் வெற்றிக் களிப்போடு சுற்றிலும் பார்த்தார்.

"மெசேஜ் வந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்தவங்க மட்டும் கையை அப்படியே வச்சுக்கங்க. மத்தவங்க இறக்கிடலாம்."

ஒரு கை இறங்கியது. அப்புறம் இரண்டு. பிறகு வரிசையாக இறங்கின. தலைமைப் பொறியாளரின் கை பாதி வழியில் நின்று, காதைச் சொறிந்து, இறங்கியது. கடைசியில் அறை முழுவதும் ஒரே ஒரு கை. அது, படியில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த, ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் பரிசோதகருடைய கை. நோயாளியும் அவரே, போனும் அவருடையதே.

"சார், உங்களுக்கு டாண்ணு வந்தப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான். ஆபீஸ்ல." இயக்குநரின் குரல் இறங்கியிருந்தது. "டாக்டரைப் பாக்கப் போனது அப்பா."

"அப்பா அன்னிக்கு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தாரு?"

இயக்குநர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று யாருடனோ பேசினார். நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. "மூணு மணி நேரமாம். நான் பிசியா இருப்பேன்னு சொல்லலையாம்" என்றார்.

மாவுக்கட்டுப் பரிசோதகர் முதலில் சிரித்தார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை பேரும் அம்மா அப்பாவுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தபடி பதிவு செய்கிறவர்கள். போன் எண் என்று ஒரு கட்டம் வந்ததும் தன் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்கள். தங்களுக்கு வந்தால் எல்லாருக்கும் வந்தது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். "அப்ப என் தொண்ணூத்தெட்டு சரிதானே?" என்று தலைமைப் பொறியாளர் பரிதாபமாகக் கேட்டார். "ரொம்பச் சரிங்க. அந்தத் தொண்ணூத்தெட்டுல ஒண்ணுகூட வழியில தொலையல" என்றார் அக்கா. தலைமைப் பொறியாளருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அலாரம் கைவிடப்பட்டது. பதிவுத் திரையில் இரண்டாவதாக ஒரு கட்டம் வந்தது: ஆஸ்பத்திரியில் இருக்கப் போகிறவரின் எண். அதற்கு ஒரு நாள் வேலை. போனே வைத்துக்கொள்ளாதவர்களுக்காகக் கூடத்தில் ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்ல ஏற்பாடானது. முதலில் கம்ப்யூட்டர் குரலைப் போட்டுப் பார்த்தார்கள். அது தேனாகப் பேசியது, ஒருவரும் அசையவில்லை. "மெஷின் கூப்பிட்டா வேற யாரையோன்னு இருந்துடறாங்க" என்று அக்கா கண்டுபிடித்தார். "அவங்க கூப்பிட்டா எந்திரிக்கறாங்க."

அவங்க என்றால் வரவேற்பு அம்மா. கட்டுத்துணிப் பெட்டிகள் அடுக்கிய சேமிப்பறையில் அவரை உட்காரவைத்து, ஒன்று முதல் இருநூறு வரை பதிவு செய்தார்கள். அதற்காகப் புதுச் சேலை கட்டி வந்திருந்தார். "குரல்தானேங்க வேணும்?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டதற்கு, "இருக்கட்டுமே" என்றார். எண்பத்தெட்டைச் சொல்லும்போது பெட்டி ஒன்று சரிந்து தலைமைப் பொறியாளர் தோளில் விழுந்தது. வரவேற்பு அம்மா எண்ணோடு சேர்த்துச் சிரித்துவிட்டார். திரும்பப் பதிவு செய்யலாம் என்றதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எண்பத்தெட்டு வர்ற நேரத்துக்கு எல்லாரும் களைச்சுப் போயிருப்பாங்க. கொஞ்சம் சிரிச்ச குரலாவே இருக்கட்டும்."

மாதத்தின் கடைசி நாள் அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் கேட்ட ஒரு பக்கம் இன்னும் வெள்ளைத் தாளாகவே கைப்பையில் கிடந்தது. ஒலிபெருக்கியில், "பன்னெண்டு, உங்களைத்தான், வாங்க வாங்க" என்று வரவேற்பு அம்மாவின் குரல் அதட்டலும் அன்புமாக அழைத்தது. பன்னிரண்டு விருட்டென்று எழுந்தது. பதிமூன்று, கூப்பிடும் முன்பே எழுந்து நின்றது. நிஜ வரவேற்பு அம்மா மேசையில் காபியைச் சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு இயக்குநர் வந்தார். சொல்லாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது எண், நாற்பதாவது எண். அவருக்கு நேர் எதிரே ஒரு அம்மாள், மெசேஜைத் தன் போனிலேயே பார்த்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, யாருடைய துணையும் இல்லாமல் நடந்து போனார். இயக்குநர் அவர் கதவுக்குள் போகும் வரை திரும்பிப் பார்த்தார்.

எண்கள் அறுபதை நெருங்கியபோதுதான் வாயைத் திறந்தார். "மேல போய்ப் பேசிட்டுதான் வர்றேன். பதினொரு கிளையும் நம்மகிட்டதான் இருக்கப் போகுது."

அக்காவின் பார்வை கூடத்தின் மேலேயே இருந்தது.

"அறுபத்தொண்ணு, உங்களைத்தான், வாங்க வாங்க" என்றது ஒலிபெருக்கி. யாரும் எழவில்லை.

"உங்க டீமைக் கலைக்கறதா இல்ல" என்றார் இயக்குநர். "இன்னும் ஒரு ஆளைக்கூட சேத்துக்கங்க. அந்த ஒரு பக்கத்தை நானே எழுதிக்கறேன், எனக்குப் புரிஞ்சுடுச்சு."

மூன்று வாரமாக அக்கா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அவர் கண் எதிர் மூலைக்குப் போயிருந்தது. அங்கே ஒருவர், காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆனந்தமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் விரலிடுக்கில் அறுபத்தொன்றாம் எண் டோக்கன் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் தின்பண்டத்தைக் கண்ட குழந்தை முகம் போல மலர்ந்தது.

"இதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா..." என்று இயக்குநர் தொடர்ந்தார்.

அந்த மூலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அக்கா, கொஞ்சம் இருங்க என்பதுபோல, தன் உள்ளங்கையை இயக்குநர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.